தோலும் நூலும்

பாலாற்றங்கரையில் துயில்கொண்டிருக்கும் உத்தர ரங்கநாதரால் பள்ளிகொண்டா என்னும் பெயர் இவ்வூருக்கு வாய்த்தது. பெருமாளின் பெயரைத் தாங்கிய ஊரில் விடியலை முதலில் அறிவிப்பது பாங்கோசை. அதன்பின் கோயில் மணி. அதற்கும் பின்னர், ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிலுக்கும் காலணித் தொழிலுக்கும் செல்வோரை ஏற்றிச் செல்லும் வண்டிகளின் இரைச்சல். அவ்வண்டிகளில் மூன்று சமயத்தாரும் தோளோடு தோள் அமர்ந்து செல்கிறார்கள். நோன்புக் கஞ்சியும் கிறிஸ்துமஸ் பலகாரமும் பொங்கலும் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. ஒருவர் வீட்டு மறைநூல் மட்டும் மற்றவர் வீட்டு வாயிலைத் தாண்டுவதில்லை.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தோல் தரம் பிரிக்கும் வேலையில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர். அவர் வீட்டு அலமாரியில் மூன்று நூல்கள் உள்ளன. மேல்தட்டில் பட்டுத் துணியில் பொதிந்த அரபுத் திருக்குர்ஆன். அதன்கீழ் அவருடைய தாயார் பயன்படுத்திய உருது மொழிபெயர்ப்பு. அதற்கும் கீழே, உருது படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிய தமிழ் மொழிபெயர்ப்பு. ஒருநாள் அவரிடம் கேட்டேன்: “பாய், வாழ்க்கையில் ஒரு சிக்கல் வந்தால் இம்மூன்றில் எதைத் திறந்து பார்ப்பீர்கள்?” அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஓதுறது மேலே இருக்கிறதை சார். புரிஞ்சுக்கிறது கீழே இருக்கிறதை. முடிவு எடுக்கணும்னா ஹஜ்ரத்கிட்டே போய்க் கேட்பேன்.”

ஒரு மறைநூல் மனிதருக்கு வழிகாட்டுகிறது என்று எல்லாச் சமயத்தாரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எவ்வாறு காட்டுகிறது என்று கேட்டால் தடுமாறுகிறோம். அந்தப் பெரியவரின் விடையில் ஓசை, பொருள், தீர்ப்பு என்னும் மூன்று படிகள் இருந்தன. இஸ்லாத்தின் அடிப்படை நூல்களாகிய திருக்குர்ஆனும் நபிமொழித் தொகுப்புகளும் வழிகாட்டும் முறையை இப்படிகளின் வழியே ஆராய்வதும், தமிழில் அவை பெற்றுள்ள வடிவத்தை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் செய்யும் பிழையான ஒப்பீடு

நம்மில் பலர் திருக்குர்ஆனை “அவர்களுடைய விவிலியம்” என்று சொல்கிறோம். நல்லெண்ணத்தில் சொன்னாலும் இது பிழையான ஒப்பீடு. விவிலியம் பல நூற்றாண்டுகளில் பல ஆசிரியர்கள் எழுதிய நூல்களின் தொகுதி. திருக்குர்ஆனோ, முஸ்லிம்களின் நம்பிக்கைப்படி, நபிகள் நாயகத்துக்கு கி.பி. 610 முதல் 632 வரை ஏறத்தாழ 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக அருளப்பட்ட இறைவனின் நேரடிப் பேச்சு. நபி அதன் ஆசிரியர் அல்லர். அதைப் பெற்று ஒப்படைத்தவர். நம் நம்பிக்கையில் இறைவார்த்தை மனிதரானது. அவர்கள் நம்பிக்கையில் இறைவார்த்தை ஓதப்படும் மறையாயிற்று. ஆகவே திருக்குர்ஆனுக்கு இணையாகக் கிறிஸ்தவத்தில் நாம் காணவேண்டியது விவிலியத்தை அன்று, கிறிஸ்துவையே என்று வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் என்னும் சமயவியல் அறிஞர் சென்ற நூற்றாண்டில் எடுத்துக்காட்டினார். இந்த ஒரு தெளிவு பல மயக்கங்களைத் தீர்க்கும். அந்நூலைக் கைகால் கழுவித் தொடுவதும், உயரத்தில் வைப்பதும், பொருள் அறியாத குழந்தையும் அதன் ஓசையை மனனம் செய்வதும் ஏன் என்பது அப்போது விளங்கும்.

நற்செய்தி நூல்களுக்கு வடிவத்தில் ஓரளவு நெருங்கிவருபவை நபிமொழித் தொகுப்புகள். நபி சொன்னது, செய்தது, கண்டும் தடுக்காமல் விட்டது ஆகியவற்றைக் கண்டவரும் கேட்டவரும் சொல்லிச் சென்ற செய்திகள் அவை. ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடர் ஒன்று, செய்தி மற்றொன்று. தொடரில் ஒரு கண்ணி பழுதானாலும் செய்தியின் தகுதி குறைகிறது. கி.பி. 870இல் மறைந்த புகாரியும் 875இல் மறைந்த முஸ்லிமும் இவ்வாறு சலித்தெடுத்த தொகுப்புகளே மிக உயர்ந்த மதிப்புப் பெற்றவை. அவற்றோடு அபூதாவூத், திர்மிதி முதலியோரின் தொகுப்புகளும் சேர்ந்து ஆறு நூல்கள் என்று போற்றப்படுகின்றன.

நாம் செய்யும் இன்னொரு பிழையும் உண்டு. திருக்குர்ஆனை நம்மவர் எடுத்தால் 19ஆம் அதிகாரமாகிய மரியம் அதிகாரத்தைத் தேடுகிறோம். அந்நூலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே பெண் அன்னை மரியா என்பதை அறிந்து மகிழ்கிறோம், இயேசுவின் சிலுவைச் சாவை அந்நூல் ஏற்கவில்லை என்பதைக் கண்டு வருந்துகிறோம், மூடி வைக்கிறோம். அயலார் வீட்டுக்குச் சென்று, நம் வீட்டுப் படம் அங்கே மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திரும்புவது போன்றது இது. அந்நூல் அவர்களுக்கு எதைச் சொல்கிறது, அவர்கள் அன்றாடத்தை எவ்வாறு நடத்துகிறது என்பதையும் நாம் கேட்கவேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கை, முஸ்லிம்களை மதிப்போடு நோக்குமாறும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உண்மையாக முயலுமாறும் நம்மைப் பணித்தது.

ஓர் ஆட்டுத் தோல்

வழிகாட்டும் முறையை நம் மண்ணுக்கு மிக நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். தானாகச் செத்த பிராணியைத் திருக்குர்ஆன் விலக்குகிறது. இரண்டாம் அதிகாரத்திலும் ஐந்தாம் அதிகாரத்திலும் வேறு இடங்களிலும் இவ்விலக்கு வருகிறது. அதே நூலின் 16ஆம் அதிகாரமோ, கால்நடைகளின் தோலால் ஆகும் இலேசான கூடாரங்களை இறைவன் மனிதருக்கு அளித்த கொடைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அப்படியானால் செத்த ஆட்டின் தோல் எப்பக்கம் சேரும்? விலக்கின் பக்கமா, கொடையின் பக்கமா? வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை உள்ள ஊர்களின் பிழைப்பு இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

இதற்கு விடை தரும் நிகழ்ச்சியைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். சொல்பவர் நபியின் துணைவியார் மைமூனாவின் சகோதரி மகனாகிய இப்னு அப்பாஸ். மைமூனாவிடம் இருந்து விடுதலை பெற்ற பணிப்பெண் ஒருத்திக்கு ஓர் ஆடு தருமமாகக் கிடைத்திருந்தது. அது செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி, அதன் தோலை நீங்கள் பயன்படுத்திக் கொண்டிருக்கலாமே என்று கேட்டார். அது செத்த பிராணி ஆயிற்றே என்றார்கள். உண்பதுதான் விலக்கப்பட்டது என்று அவர் விளக்கினார். அபூதாவூதின் தொகுப்பிலுள்ள இதையொத்த செய்தி, அத்தகைய தோலை நீரும் ‘கரழ்’ என்பதும் தூய்மையாக்கும் என்று சேர்த்துச் சொல்கிறது. ‘கரழ்’ என்பது அரபு நாட்டில் தோல் பதனிட உதவிய, கருவேல இனத்து மரத்திலிருந்து கிடைக்கும் பொருள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தலைமுறைகளாகத் தோல் பதனிட்ட வட ஆர்க்காட்டு மண்ணுக்கு இச்செய்தி அயலானது அன்று.

இந்நிகழ்ச்சியில் என் மனத்தைத் தொட்டது சட்ட நுணுக்கத்தைவிட அந்தப் பெண்ணின் நிலை. நேற்றுவரை அடிமையாக இருந்தவள். தருமமாகக் கிடைத்த ஒரே ஆட்டையும் இழந்தவள். விலக்கின் எழுத்தை இறுகப் பற்றிக்கொண்டால் அவளுக்கு எதுவும் எஞ்சாது. நபியின் விளக்கம் வசனத்தை மீறவில்லை. அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைச் சுட்டி, ஏழையின் கையில் ஒரு தோலை மீட்டுக் கொடுத்தது. வசனம் பொதுவாகப் பேசுகிறது. நபிமொழி ஒரு தெருவில், ஒரு பெண்ணின் முன், ஒரு செத்த ஆட்டின் அருகில் நின்று பேசுகிறது. இரண்டும் சேரும்போதே வழி புலப்படுகிறது. இஸ்லாமிய அறிஞர்கள் நபிமொழியைத் திருக்குர்ஆனின் விளக்கமாகக் கொள்வதன் பொருள் இதுவே.

ஒரு சொல்லின் எடை

கதை இத்துடன் முடிந்திருந்தால் மூன்றாம் படிக்கு, அதாவது ஹஜ்ரத்துக்கு, வேலையில்லை. நபி தம் இறுதிக் காலத்தில் ஜுஹைனா என்னும் குலத்தாருக்கு அனுப்பிய கடிதத்தில், செத்த பிராணியின் தோலையும் நரம்பையும் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியதாக இன்னொரு செய்தி உண்டு. அதை இப்னு உகைம் என்பவர் அறிவிக்கிறார். இரண்டு செய்திகள், இரண்டு திசைகள். எதைப் பின்பற்றுவது?

இங்கே அறிஞர்களின் தராசு இறங்குகிறது. முதலில் தொடரை நிறுத்தார்கள். அகமது இப்னு ஹன்பல் தொடக்கத்தில் கடிதச் செய்தியை ஏற்றிருந்து, பின்னர் அதன் அறிவிப்பாளர் தொடரில் கண்ட குழப்பத்தால் விட்டுவிட்டார் என்று திர்மிதி எழுதுகிறார். அடுத்துச் சொல்லை நிறுத்தார்கள். கடிதத்தில் வரும் அரபுச் சொல் ‘இஹாப்’. பதனிடுவதற்கு முன்புள்ள தோலுக்கே அப்பெயர் என்றும், பதனிட்டபின் அதற்கு வேறு பெயர்கள் உண்டு என்றும் நள்ரு இப்னு ஷுமைல் என்னும் மொழியறிஞர் விளக்கியதை அபூதாவூத் குறித்து வைத்துள்ளார். இவ்விளக்கத்தின்படி முரண் மறைகிறது: கடிதம் விலக்கியது பதனிடாத தோலை, நிகழ்ச்சி அனுமதித்தது பதனிட்ட தோலை.

ஆயினும் எல்லாரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. வட ஆர்க்காட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி நெறியும், கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபி நெறியும், பன்றித் தோல் போன்ற சிலவற்றைத் தவிர்த்து, பதனிட்ட தோல் தூய்மையானது என்று கொள்கின்றன. மாலிகி, ஹன்பலி நெறிகளின் பெயர்பெற்ற கருத்துகள் இவ்வளவு இடம் கொடுப்பதில்லை. நெறிகளுக்கு இடையே இவ்வேறுபாடு நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது. அதற்காக ஒருவர் மற்றவரைச் சமயத்துக்குப் புறம்பானவர் என்று சொல்லவில்லை.

ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கே என்ன செய்வார்? ‘இஹாப்’ என்பதைத் ‘தோல்’ என்று எழுதினால் இரண்டு நபிமொழிகளும் ஒன்றோடொன்று மோதும், படிப்பவர் குழம்புவார். ‘பச்சைத் தோல்’ என்று எழுதினால் மோதல் நீங்கும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஒரு சாராரின் தீர்ப்பைத் தம்மையறியாமல் வழங்கிவிட்டவர் ஆவார். தரம் பிரிக்கும் என் அண்டைவீட்டாரிடம் இதைச் சொன்னபோது, “பச்சைத் தோலும் பதப்பட்ட தோலும் ஒண்ணா சார்? எங்க தொழில்ல ரெண்டுக்கும் விலையே வேற” என்றார். அறிஞர்கள் அகராதி கொண்டு அடைந்த இடத்தை அவர் கைப்பழக்கத்தால் அடைந்துவிட்டார். மறைநூலை மொழிபெயர்ப்பவருக்கு இலக்கணம் மட்டும் போதாது, தொழிலின் சொல்லும் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழுக்கு வந்த நூல்

இம்மண்டலத்தில் தோல் நூலை வளர்த்திருக்கிறது. ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் உள்ள ஜாமிஆ தாருஸ்ஸலாம் என்னும் கல்வி நிலையத்தை 1924இல் நிறுவிய காக்கா முகம்மது உமர் தோல் வணிகர். அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டில், ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் வேலூரில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி தமிழகமெங்கும் ஆலிம்களை அனுப்பியது. அக்கல்லூரியில் பயின்றவர்கள் பெயருக்குப்பின் ‘பாகவி’ என்று போட்டுக்கொள்வது வழக்கம்.

அத்தகைய பாகவி ஒருவரே திருக்குர்ஆன் முழுவதையும் முதன்முதலில் தமிழில் பெயர்த்தவர். ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் அம்மொழிபெயர்ப்பு 1949இல் முழுமையாக வெளிவந்தது. அதற்கு முன்னர் தமிழ் முஸ்லிம்கள் மறையின் பொருளை அறியாதிருந்தார்கள் என்று நினைப்பது தவறு. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் சமய நூல்கள் ஏராளமாக இருந்தன. இப்பகுதியிலோ உருது வழியே பொருள் வந்தது; தில்லியின் ஷா வலியுல்லாஹ் 18ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் பெயர்த்ததும், அவர் மைந்தர்கள் உருதுவில் பெயர்த்ததும் அதற்கு வழி வகுத்தன. தமிழ் எழுத்து மட்டும் அறிந்த முஸ்லிமும், நம்மைப் போன்ற அயலாரும் முழு நூலையும் திறந்து படிக்கும் வாய்ப்பை அளித்தது பாகவியின் பெயர்ப்பு.

அதன் சிறப்பாக நான் கருதுவது அடைப்புக்குறிகளை. மூலத்தில் இல்லாமல், பொருள் விளங்கத் தாம் சேர்க்கும் சொற்களை அவர் அடைப்புக்குறிக்குள் தருகிறார். திருக்குர்ஆனின் நடை சுருக்கமானது. யார் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பல இடங்களில் கேட்பவரே உணரவேண்டும். அவ்விடங்களில் துணைச்சொல் இன்றித் தமிழ் நகராது. துணையைச் சேர்த்துவிட்டு, இது என்னுடையது, அது மூலத்தினுடையது என்று வேலி கட்டிக் காட்டுவது நேர்மை. பின்னர் வந்த மொழிபெயர்ப்பாளர் பலரும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டதிலிருந்து அதன் பயன் விளங்கும்.

அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. அடைப்புக்குறியைக் கண் காணும், காது காணாது. பேரன் உரக்கப் படிக்க, பாட்டி கேட்கும் வீட்டில் மூலமும் விளக்கமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஆசிரியரின் கருத்தும் இறைவாக்காகவே அவள் செவியில் விழுகிறது. ‘குர்ஆன்’ என்ற சொல்லுக்கே ஓதப்படுவது என்று பொருள். ஓதப்படுவதற்காக வந்த ஒன்றைக் கண்ணால் மட்டும் படிக்கும் நடைக்கு மாற்றும்போது, இயைபும் சந்தமும் கழன்று போகின்றன. மக்காவில் அருளப்பட்ட சிறிய அதிகாரங்களைத் தமிழ் உரைநடையில் படிப்பவர், அவை கேட்டோரை ஏன் நடுங்கவைத்தன என்பதை உணர்வது கடினம். மொழிபெயர்ப்பு குர்ஆன் ஆகாது, அதன் பொருள் மட்டுமே என்று முஸ்லிம்கள் வற்புறுத்துவதில் இலக்கிய உண்மையும் உள்ளது.

இதை நாம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. 1960களின் நடுப்பகுதி வரை நம் ஆலயங்களில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. பொருள் அறியாமலே மறுமொழி சொன்ன நம் பாட்டன்மார் இறைவனை அறியாதவர்கள் என்று சொல்லமுடியுமா? தமிழ் வந்தபின் நாம் பெற்றது மிகுதி. 1995இல் கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வரை அது வளர்ந்தது. ஆயினும் அந்தப் பழைய ஓசையில் இருந்த ஒரு நடுக்கத்தை மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். பெற்றதையும் இழந்ததையும் இரண்டையும் அறிந்த நமக்கு, மேல்தட்டில் ஒன்றும் கீழ்த்தட்டில் ஒன்றும் வைத்திருக்கும் அண்டைவீட்டாரை ஏளனம் செய்ய உரிமையில்லை.

நபிமொழிகளின் தமிழாக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சென்னை ரஹ்மத் அறக்கட்டளை போன்ற பதிப்பகங்களின் முயற்சியால் புகாரி முதலிய பெருந்தொகுப்புகள் தமிழில் பல பாகங்களாகக் கிடைக்கின்றன. பணி பெரியது. ஆனால் நான் கண்ட தமிழ்ப் பதிப்புகள் பலவற்றில் அறிவிப்பாளர் தொடர் சுருக்கப்பட்டு, நபித்தோழர் ஒருவரின் பெயர் மட்டும் நிற்கிறது. படிப்பவருக்கு எளிமை, எனினும் இழப்பு சிறிதன்று. இச்செய்தி எத்தனை கைகள் மாறி வந்தது, எங்கே ஐயம் எழுந்தது என்பதைக் காட்டும் பகுதி அதுவே. அது இல்லாதபோது ஒவ்வொரு செய்தியும் ஒரே எடையுள்ளதாகத் தோன்றும். ஒன்றைப் பிய்த்தெடுத்து ஆயுதமாக்குவோருக்கும், அதைக் காட்டி அயலாரை இகழ்வோருக்கும் அது எளிதாகிவிடும். தீர்ப்பை மட்டும் அச்சிட்டு வழக்கை மறைப்பது நீதிமன்றத்துக்கும் அழகில்லை, நூலுக்கும் அழகில்லை.

ஆற்றங்கரையில் நின்று

வழிகாட்டும் நூலின் மதிப்பை அது எங்கே நம்மைத் தட்டிக் கேட்கிறது என்பதிலும் பார்க்கவேண்டும். தோல் தூய்மையானது என்று தொழிலுக்கு வாயில் திறந்த அதே நூல்கள், தொழில் செய்பவன் கையைப் பிடித்தும் நிறுத்துகின்றன. தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவது மனிதர் கைகள் செய்தவற்றால் என்று 30ஆம் அதிகாரம் உணர்த்துகிறது. தேங்கிய நீரை அசுத்தப்படுத்துவதைப் புகாரியும் முஸ்லிமும் பதிந்த நபிமொழி தடுக்கிறது. உழைத்தவனின் கூலியை அவன் வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொல்லும் நபிமொழி மேடைதோறும் ஒலிக்கிறது.

பட்டையால் பதனிட்ட காலம் போய், 1970களுக்குப் பின் குரோமியம் பரவியது. பாலாற்றுப் படுகையில் நிகழ்ந்ததை நாடறியும். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, தோல் மண்டலத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. அதே துயரம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் அந்நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு வந்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு அளித்து அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறு மன்றம் ஆணையிட்டது.

இதைச் சொல்லி ஒரு சமயத்தாரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது என் கருத்தன்று. இத்தொழிலின் உரிமையாளர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு, தொழிலாளர்களும் அப்படியே, அந்த நீரைக் குடித்தவர்களும் அப்படியே. நான் கேட்பது நூல் பற்றிய கேள்வி. ஒரு தோலின் தூய்மையை முடிவு செய்ய ஒரு சொல்லின் பொருளை இத்தனை நுணுக்கமாக நிறுத்த அறிவு மரபு, ஓர் ஆற்றின் தூய்மையை நிறுக்கும்போது அதே நுணுக்கத்தைக் காட்டவேண்டாமா? இக்கேள்விக்கு வேண்டிய வசனமும் நபிமொழியும் அவர்கள் கையிலேயே உள்ளன. நூல் வாய் மூடியிருக்கவில்லை. எந்தக் கேள்வியோடு அதனிடம் செல்கிறோம் என்பதே பொருட்டு.

யோப்பா நகரத்து வீடு

இக்கேள்வி நம் பக்கமும் திரும்பவேண்டும். திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரம் எப்படி முடிகிறது என்று நினைவிருக்கிறதா? பேதுரு யோப்பா நகரில் கடலோரமாக இருந்த தோல் பதனிடும் சீமோன் வீட்டில் பல நாள் தங்கியிருந்தார். செத்த விலங்கைத் தொடும் தொழில் யூதரிடையே தாழ்வாக எண்ணப்பட்டது. அந்த வீட்டின் மேல்தளத்தில்தான் தூய்மை, தீட்டு என்னும் பிரிவினையை இறைவன் உடைத்துக்காட்டும் காட்சியைப் பேதுரு கண்டார். பிற இனத்தார்க்குத் திருச்சபையின் கதவு திறந்தது தோல் பதனிடுபவர் வீட்டிலிருந்து.

பதனிட்ட தோல் தூய்மையானது என்று அவர்கள் நூல் தீர்ப்பளித்தது. தோல் பதனிடுபவன் வீட்டிலேயே நம் தலைமைத் திருத்தூதர் தங்கினார் என்று நம் நூல் சாட்சி சொல்கிறது. அவ்வாறிருந்தும் தமிழ்நாட்டில் தோலைத் தொட்ட கையைச் சாதி தீட்டென்றது. அந்தச் சாதி நம் ஆலயங்களுக்குள்ளும் கல்லறைத் தோட்டங்களுக்குள்ளும் சுவராக வந்து நின்றது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் திருச்சபைக்குள் இருக்கும் இக்கொடுமையை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. ஆண்டுதோறும் அந்த அதிகாரத்தை வாசிக்கிறோம். சீமோனின் தொழிலைக் கவனியாமல் கடந்துவிடுகிறோம். நூல் நமக்கு வழிகாட்டியிருக்கிறது. நாம் அவ்வழியில் நடந்தோமா?

இக்கட்டுரையைப் படிக்கும் பொதுநிலையினர், அண்டைவீட்டாரின் மறைநூலை ஒருமுறையேனும் மதிப்போடு திறந்து பார்க்கவேண்டும். தொடக்க நூலிலிருந்து திருவெளிப்பாடு வரை செல்லும் நம் வாசிப்புப் பழக்கம் அங்கே பயன்படாது. 114 அதிகாரங்களும் பெரும்பாலும் நெடியவை முன்னும் குறியவை பின்னுமாக அமைந்தவை. முதல் அதிகாரத்தின் ஏழு வசனங்களைப் படித்துவிட்டு நூலின் இறுதியில் உள்ள குறுகிய அதிகாரங்களுக்குச் செல்லுங்கள். அந்த முதல் அதிகாரம் நேர்வழி காட்டுமாறு வேண்டும் மன்றாட்டு. இரண்டாம் அதிகாரம் இறையச்சம் உடையோர்க்கு இது வழிகாட்டி என்ற அறிவிப்போடு தொடங்குகிறது. மன்றாட்டும் மறுமொழியும் என அவை அடுத்தடுத்து நிற்கின்றன. கேட்பவருக்கே வழி காட்டப்படும் என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது.

கட்டுரையை முடிக்கும் முன் பெரியவரிடம் சென்று, நான் எழுதியதைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். பிறகு, குர்ஆன் வசனங்களை முதலில் எதில் எழுதி வைத்தார்கள் தெரியுமா என்று கேட்டார். ஈச்சமட்டையிலும் கல்லிலும் தோலிலும் என்று படித்ததைச் சொன்னேன். தலையசைத்தார். நாற்பது ஆண்டுகள் தோலைத் தடவித் தேய்ந்த விரல்களால் கீழ்த்தட்டிலிருந்த தமிழ் நூலை எடுத்து என்னிடம் நீட்டினார். “படிச்சுட்டு மெதுவா கொடுங்க சார். புரியாத இடத்துல கேளுங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே ஹஜ்ரத்கிட்டே போவோம்.”

அடுத்த ஞாயிறன்று நம் திருவிவிலியத்தின் ஒரு படியை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். திருத்தூதர் பணிகள் ஒன்பதாம், பத்தாம் அதிகாரங்களில் ஒரு தாளை அடையாளமாக வைத்திருந்தேன்.